20 போர் துப்பாக்கி வாங்கினால் தோள் தப்பிக்குமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். மகளுக்கு 17 வயது, ஒல்லியான உடம்பு, 46 கிலோ. காலேஜ் என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைஃபிள் சுட்டுப் பழகியவள், இப்போது பறக்கிற தட்டைச் சுடுகிற ட்ராப் ஷூட்டிங் பக்கம் போக ஆசைப்படுகிறாள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பேங்கில் துப்பாக்கியோடு காவலுக்கு நிற்கிற அவளுடைய சித்தப்பா, "12 போர் வேணாம், தோளு கழண்டுரும், 20 போரா பாரு" என்கிறாராம். பெரம்பூரில் தெரிந்த குடும்பம் ஒன்றில் தாத்தா காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி சும்மா கிடக்கிறது, அதை வாங்கிப் பழகலாமா என்பது இரண்டாவது கேள்வி.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன் அண்ணா. 12 போரே எடுங்கள். ஆனால் சித்தப்பா கையில் இருக்கிற மாதிரியான 12 போர் வேண்டாம். பெரம்பூர்த் துப்பாக்கியும் வேண்டாம்.

போர் எண் என்பது குழலின் அகலம், அவ்வளவுதான். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அது 12 போர், கணக்குக்கு 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டையாக்கினால் 20 போர், 15.6 மில்லிமீட்டர். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. 410 என்கிற சின்னத் துப்பாக்கி மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது அங்குலத்தில் சொல்லும் அளவு. ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கிற சின்னக் குண்டுகள், எவ்வளவு விரிந்து போகும் என்பதைக் குழலின் அகலம் தீர்மானிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குழல் முனையில் இருக்கிற சோக் என்கிற குறுகல். அதேபோல, தோளில் விழும் உதைக்கும் போர் எண்ணுக்கும் நேரடி உறவு கிடையாது. உதையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தோட்டாவிலிருந்து எவ்வளவு எடை வெளியே போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, துப்பாக்கி எவ்வளவு கனம்.

சித்தப்பா சொல்வது பொய் இல்லை. அவர் அனுபவத்தில் 12 போர் அப்படித்தான் உதைத்திருக்கும். பேங்க் வாசலிலும் கேஷ் வேனிலும் பார்க்கிற ரெட்டைக்குழல் பெரும்பாலும் மூன்று கிலோ சுமாருக்குத்தான் இருக்கும். நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், கனமாக இருந்தால் யார் சுமப்பது? தோளில் பதிக்கிற பின்பகுதி, அதாவது கட்டையின் முனையில் ரப்பர் இருக்காது, மரமோ கெட்டி பிளாஸ்டிக்கோதான். உள்ளே போடுவது எல்ஜி, எஸ்ஜி என்று பெரிய ரவைத் தோட்டா. எப்போதாவது ஒருமுறை பயிற்சி என்று கூட்டிப் போவார்கள், அங்கேயும் சில தோட்டாதான் கிடைக்கும். உடம்பு பழகுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். வலி மட்டும் மனதில் நிற்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உந்தம் காக்கப்படுகிறது என்று பத்தாம் வகுப்பில் படித்ததுதான்: முன்னால் போகிற ரவை, அதைத் தள்ளும் வாட், வெடிமருந்து வாயு இவற்றின் உந்தம் எவ்வளவோ அதே அளவு பின்னால் துப்பாக்கிக்கும் கிடைக்கும். விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகிற 24 கிராம் தோட்டாவை 3.6 கிலோ எடையுள்ள 12 போர் ட்ராப் துப்பாக்கியில் சுட்டால் பின்னுதை தோராயமாக 18 ஜூல். அதே 24 கிராமை, அதே வேகத்தில், 2.7 கிலோ எடையுள்ள 20 போரில் சுட்டால் 24 ஜூல். அதாவது "மெல்லிசு" என்று வாங்குகிற 20 போர், அதே தோட்டா எடைக்கு மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உதைக்கிறது. இனி சித்தப்பா கணக்கு: மூன்று கிலோ துப்பாக்கி, 36 கிராம் தோட்டா. 40 ஜூலை எளிதாகத் தாண்டிவிடும். பாப்பா சுடப்போகிற துப்பாக்கியைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

சித்தப்பா பட்டாளத்திலிருந்து வந்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. பேங்க் காவலுக்கு நிற்கிறவர்களில் நிறையப் பேர் முன்னாள் ராணுவத்தினர் என்பதால் கேட்கிறேன். வந்தவர் என்றால் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் சுட்டிருப்பார், என்.சி.சி. பழைய ஆள் என்றால் 303 ரைஃபிள். இரண்டுமே 15 ஜூல் பக்கம்தான். "சித்தப்பா, எஸ்.எல்.ஆர். உங்க தோளைக் கழட்டுச்சா?" என்று பாப்பாவையே கேட்கச் சொல்லுங்கள். அதைவிடச் சற்றுக் கூடுதல்தான் 24 கிராம் ட்ராப் தோட்டா.

இந்த 24 கிராம் நான் இஷ்டத்துக்குச் சொல்கிற எண் கிடையாது. ஒலிம்பிக் ட்ராப், தட்டு சுடுகிற இன்னொரு போட்டியான ஸ்கீட் இரண்டிலும் விதியே அதுதான்: குழல் 12 போருக்கு மேல் போகக்கூடாது, ரவை 24 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஆண், பெண் என்று வித்தியாசம் இல்லை. நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் 2024 ட்ராப்பில் சுட்டதும், அதே பாரிஸில் பெண்கள் பிரிவில் ஸ்ரேயசி சிங், ராஜேஸ்வரி குமாரி சுட்டதும் இதே விதிக்குள்தான். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஸ்லோவாக்கியாவின் சூசானா ஸ்டெஃபெசெகோவா 125க்கு 125 தட்டையும் உடைத்தார், தங்கமும் வாங்கினார். போட்டிக்குப் போவதென்றால் கடைசியில் 12 போருக்கு வந்துதான் ஆக வேண்டும். இடையில் 20 போரில் பழகி, பிறகு மாற்றி, எடை, சமநிலை எல்லாவற்றையும் திரும்பப் பழகுவது வீண் வேலை.

12 போரில் 21 கிராம் தோட்டாவும் உண்டு. கிளப்பில் கிடைத்தால் முதல் சில வாரம் அதையே கேளுங்கள். தோட்டாவின் எடை குறைந்தால் உதை அதைவிட வேகமாகக் குறையும். 28 கிராமிலிருந்து 24க்கு இறங்கினாலே கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்துவிடுகிறது. அட்டைப் பெட்டியில் எடையை மட்டும் பார்க்காமல் வேகத்தையும் பாருங்கள். 'ஃபாஸ்ட்' என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது புதுசாகப் பழகுகிறவருக்கு இல்லை.

20 போரில் இன்னொரு தலைவலியும் இருக்கிறது. நம் நாட்டில் தோட்டா என்றாலே 12 போர்தான். கட்கி தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாவைக் கடையில் பார்த்திருப்பீர்கள், திருச்சி ஆயுதத் தொழிற்சாலை செய்கிற பம்ப் துப்பாக்கியும் 12 போர். 20 போர் தோட்டாவுக்கு அலைய வேண்டிவரும். அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆபத்தைப் பொறுக்க முடியாது: 20 போர் தோட்டா தவறிப்போய் 12 போர் துப்பாக்கிக்குள் போனால் வழுக்கி முன்னால் போய்க் குழலுக்குள் சிக்கி நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். 'அட, தோட்டா போடலையே' என்று 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை போய்விடும். இதற்காகவே உலகம் முழுக்க 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிற வழக்கம் வந்தது. கிளப்பில் யார் பையிலாவது மஞ்சள் தோட்டா கலந்து கிடந்தால் பாப்பா உடனே சத்தம் போட வேண்டும். வெட்கப்படக் கூடாது.

"அப்போ 410 குட்டியாச்சே, அதுல ஆரம்பிக்கலாமே" என்று யாராவது வருவார்கள். 24 கிராம் ட்ராப் தோட்டாவில் ஏழரை நம்பர் ரவை சுமார் 300 இருக்கும். 410 தோட்டா சின்னது, பாதி ரவைதான் பிடிக்கும். பறக்கிற தட்டோ 11 சென்டிமீட்டர் அகலம், அதுவும் பக்கவாட்டில் கோடு மாதிரித் தெரியும். ரவைக் கூட்டத்தில் ஓட்டை விழுந்தால் சரியாகக் குறி வைத்தும் தட்டு உடையாது. தவறு தன்னுடையதா, ரவையுடையதா என்று தெரியாமல் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். 410 நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள் விளையாடுகிற துப்பாக்கி.

சரி, கணக்கில் 18 ஜூல் என்பது ஒன்று, தோளுக்குத் தெரிவது வேறு. அதே துப்பாக்கி, அதே தோட்டா, ஒருவர் சிரித்துக்கொண்டே நூறு சுடுவார், இன்னொருவர் பத்தில் தோளைப் பிடித்துக்கொள்வார். வித்தியாசம் பெரும்பாலும் கட்டையின் அளவில்தான் இருக்கும். இங்கே கிளப் துப்பாக்கிகள் ஐந்தே முக்கால் அடி ஆம்பளைக்குச் செய்த அளவில் வருகின்றன. 46 கிலோ பெண்ணுக்குக் கட்டை நீளமாக இருக்கும். நீளமான கட்டையைத் தோள் குழியில் வைக்க முடியாமல் கை மேல்பகுதிக்குத் தள்ளி வைப்பார்கள், தலையையும் நிமிர்த்திவிடுவார்கள். அங்கே ஆரம்பிக்கிறது எல்லா வலியும். சரியான நீளமா என்று பார்க்க: துப்பாக்கியைக் கன்னத்தில் பதித்துத் தோளில் வைத்த பிறகு, பிடித்திருக்கிற கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு, மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். முழங்கை மடிப்பில் வைத்து அளந்து பார்ப்பதை நம்பாதீர்கள்.

அடுத்தது கன்னம் படுகிற மேடு. அது தாழ்வாக இருந்தால் கண்ணை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரத் தலையைத் தூக்குவோம். சுட்டதும் கட்டை மேலே எழும்பிக் கன்ன எலும்பில் அறையும். தோள் வலியைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்கூட இந்த அறைக்குப் பயந்துவிடுவார்கள். மேட்டை ஏற்றி இறக்குகிற வசதியுள்ள துப்பாக்கி கிடைத்தால் நல்லது. பெண்களுக்கு இன்னொன்று: கட்டை முனையின் சாய்வு. அது ஆம்பளை மார்புக்கு ஏற்ற சாய்வில் இருந்தால் கீழ் நுனி மட்டும் மார்பில் குத்தும், உதை முழுக்க அந்த ஒரு புள்ளியில் இறங்கும். ரப்பர் முனைக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு வைத்துச் சாய்வை மாற்றினால் உதை முழுப் பரப்பிலும் பரவும். உள்ளாடைப் பட்டையின் கொக்கி தோள் குழியில் வராத மாதிரி விளையாட்டு வகை உடை போடச் சொல்லுங்கள். பயிற்சியாளர் ஆணாக இருந்தால் இதையெல்லாம் எடுத்துச் சொல்லத் தயங்குவார், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் பேட் கட்டாயம் வேண்டும். ஆனால் பேடின் தடிமனும் கட்டை நீளத்தில்தான் சேரும், மேலே மாட்டுகிற உறை மாதிரிப் பேடை வாங்கி ஏற்கெனவே நீளமான கட்டையில் மாட்டிவிடாதீர்கள். குளிர் நாட்டில் ஸ்வெட்டர், கோட்டு என்று அடுக்கிக்கொண்டு சுடுவார்கள், அதுவே பாதி உதையை வாங்கிக்கொள்ளும். நம்ம ஊர் மே மாதத்தில் மெல்லிய டி-ஷர்ட்டோடு நிற்கிறோம். தோளில் பட்டை தைத்த ஷூட்டிங் வெஸ்ட் இங்கே அலங்காரம் கிடையாது, தேவை. வியர்வையில் கன்னம் கட்டையில் வழுக்கும், ஒரு துண்டு எப்போதும் கையில் இருக்கட்டும்.

நிற்கும் முறைக்கு வருவோம். பாயிண்ட் 22-இல் படுத்தும் நின்றும் அசையாமல் சுட்டுப் பழகியவர்கள் ட்ராப்புக்கு வந்தால் பின்னால் சாய்ந்து நிற்பார்கள். துப்பாக்கி கனம், அதைச் சமன் செய்ய இடுப்பை முன்னால் தள்ளி முதுகை வளைப்பார்கள். அந்த நிலையில் உதை வந்தால் ஆள் பின்னால் தள்ளாடுவார். நம்ம வடசென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: பாக்ஸிங்கில் குத்து வாங்கத் தயாராக நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். முன்கால் முட்டி லேசாக மடங்கி, உடம்பின் எடை பாதிக்கு மேல் முன்காலில், மூக்கு முன்கால் விரலுக்கு நேராக. அப்படி நின்றால் உதை வரும்போது உடம்பு மொத்தமும் சேர்ந்து அதை வாங்கும், தோள் மட்டும் மாட்டிக்கொள்ளாது.

துப்பாக்கியை முதலில் கன்னத்துக்குக் கொண்டுவர வேண்டும், பிறகு தோள் முன்னால் வந்து அதைச் சந்திக்க வேண்டும். கழுத்தெலும்புக்கும் தோள் மூட்டுக்கும் நடுவே கையைத் தூக்கினால் ஒரு குழி விழுமே, அதுதான் இடம். வைத்த பிறகு இடைவெளியே இருக்கக்கூடாது. வலிக்கும் என்று பயந்து தோளைப் பின்னால் இழுக்கிறவர்களுக்குத்தான் அதிகம் வலிக்கிறது. துப்பாக்கி அந்த இடைவெளியில் வேகம் எடுத்து வந்து குத்தும். ஒட்டி வைத்தால் தள்ளும். ட்ராப்பில் ஒரு வசதி, தட்டைக் கூப்பிடுவதற்கு முன்பே துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ்கீட்டில் தட்டு வெளியே வருகிறவரை துப்பாக்கி இடுப்புப் பக்கம் இருக்க வேண்டும், வந்த பிறகுதான் தூக்க வேண்டும். அதனால் பாப்பா ட்ராப்பில் ஆரம்பிக்க நினைப்பது நல்ல யோசனை.

தோளில் எங்கே கன்றிப்போயிருக்கிறது என்று பார்த்தே தவறைக் கண்டுபிடிக்கலாம். கையின் மேல்பகுதியில் என்றால் துப்பாக்கியை வெளியே தள்ளி வைக்கிறாள், அல்லது கட்டை நீளம். கழுத்தெலும்பில் என்றால் மிக உள்ளே வைக்கிறாள். கன்னத்தில் என்றால் தலை தூக்குகிறது. நடுவிரலில் காயம் என்றால் பிடி தளர்வு, விசைக்கூடு பின்னால் வந்து விரலில் இடிக்கிறது. சரியான இடத்தில் லேசான சிவப்பு மட்டும் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

உதைக்குப் பயப்படுகிறேன் என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் உண்மையில் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். காதுக்குள் பஞ்சு மாதிரி அடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன் மாதிரி மூடி, இரண்டும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். முதல் நாளே இதைச் செய்தால் பாதிப் பயம் வராது. பயம் ஒருமுறை உள்ளே புகுந்துவிட்டால் விசையை அழுத்துகிற நொடியில் கண் மூடும், தோள் முன்னால் குதிக்கும், குழல் கீழே இறங்கும். அவளுக்கே தெரியாது. இதைப் பிடிக்கப் பயிற்சியாளர்கள் ஒரு வேலை செய்வார்கள்: நிஜத் தோட்டாவோடு டம்மியைக் கலந்து, எது என்று சொல்லாமல் போட்டுக் கொடுப்பார்கள். டம்மி விழும்போது குழல் முனை துள்ளினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிறகு சில நாள் டம்மியே அதிகம், நிஜம் குறைவு.

முதல் நாள் பத்துப் பதினைந்து தோட்டாவுக்கு மேல் வேண்டாம். இன்னும் சுடணும் என்று அவள் கேட்கும்போதே நிறுத்துங்கள். ஒரு சுற்று 25 தட்டு, ட்ராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை அனுமதி. போட்டித் தகுதிச் சுற்று 125 தட்டு, அங்கே உதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். அந்த நிலைக்குக் கழுத்து, முதுகு, முன்கை பலம் வேண்டும். மூன்றரை கிலோவை நீட்டிப் பிடிக்கிற இடது கைதான் முதலில் சோரும். மெட்ரோ வாட்டர் லாரி வரும்போது குடம் தூக்குகிற வேலையைத் தம்பியிடம் விடாமல் அவளையே செய்யச் சொல்லலாம், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 46 கிலோ பெண்ணுக்கு 3.6 கிலோ அதிகம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கனம்தான் உதையை வாங்குகிறது. தூக்கிக்கொண்டே நிற்கப் போவதில்லை, ஒரு தட்டுக்குச் சில நொடிகள்தான், மற்ற நேரம் மடக்கித் தோளில் சாய்த்து வைத்திருப்பாள். உதை குறையும் என்று சொல்லி, குழல் முனையில் ஓட்டை போடுவது, கட்டைக்குள் பாதரசக் குழாய் வைப்பது என்று விற்பார்கள். முதலாவது 24 கிராமுக்குப் பெரிதாக உதவாது, பக்கத்தில் நிற்கிறவர் காதுக்குத்தான் கேடு. இரண்டாவதில் கிடைக்கிற பயனில் பெரும்பங்கு அதன் எடையால் வருவது. கேஸில் இயங்குகிற ஆட்டோமேட்டிக் வகை உதையைக் கொஞ்சம் நேரம் பரப்பி மென்மையாக்கும், உண்மைதான். ஆனாலும் ட்ராப் கற்றுக்கொள்ள மேலும் கீழுமாகக் குழல் வைத்த ஓவர் அண்டர்தான் வசதி. மடக்கினால் காலியா என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

சட்ட விஷயம் சுருக்கமாக. 21 வயது ஆகாதவருக்குச் சொந்தமாகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் கிடையாது. பயிற்சிக்காகக் கிளப்பில், மேற்பார்வையில் சுடுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே இப்போது வாங்குகிற பேச்சே வேண்டாம், கிளப் துப்பாக்கியில் பழகட்டும். கட்டையை மட்டும் அவள் அளவுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். நான்கு வருடம் கழித்து லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது, 2022இல் ஆவடி போலீஸ் ஆணையரகம் தனியாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் வீடு அப்போது எந்த ஆணையர் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர்த் துப்பாக்கி. அந்தக் காலத்து ரெட்டைக்குழல்கள் பழவேற்காடு, எண்ணூர்க் கழிமுகம் பக்கம் வாத்து, உள்ளான் சுடப் போனவர்களுக்காக வந்தவை. நாள் முழுக்க நடக்க வேண்டும் என்பதால் இலேசாகச் செய்திருப்பார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991இல் அது இன்னும் கடுமையானதும் அந்த வேட்டைக் கதையே முடிந்துவிட்டது. ட்ராப் பழக இலேசான துப்பாக்கி ஆகாது என்று மேலே பார்த்துவிட்டோம். அதைவிட முக்கியம், பழைய துப்பாக்கிகளில் தோட்டா அறை 65 மில்லிமீட்டருக்கே வெட்டியிருக்கலாம். இப்போது கடையில் கிடைப்பது 70 மில்லிமீட்டர். அது உள்ளே போய்விடும், மூடியும் விடும். தோட்டாவின் நீளம் சுட்டுப் பிரிந்த பிறகு அளப்பது என்பதால் போடும்போது வித்தியாசமே தெரியாது. சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், உதையும் கூடும். போதாததற்குக் கடற்காற்றில் வருடக்கணக்காக எண்ணெய் போடாமல் கிடந்த குழலின் உள்ளே துரு குழி பறித்திருக்கும். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அறையின் நீளத்தை அளந்து, குழலைப் பார்த்துச் சொல்லாமல் அதில் யாரும் ஒரு தோட்டாகூடச் சுடக்கூடாது. அந்தக் குடும்பத்தில் லைசென்ஸ் இப்போது யார் பெயரில் இருக்கிறது, புதுப்பித்திருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். தாத்தா பெயரிலேயே கிடக்கிறது என்றால், உங்களுக்கு விற்பதைப் பற்றி யோசிக்கும் முன் அவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.